எருமை நாக்கும் தூண்டில் முள்ளும்

மாணவர்களே! விலங்கியல் நூல்களில் 'பிசெட்டோடீஸ் எருமெய்' என்றொரு மீனின் பெயரைக் காணலாம். முதற்சொல் கிரேக்கத்திலிருந்து ஆக்கப்பட்டது; தட்டை மீன் என்னும் பொருளைத் தழுவியது. இரண்டாம் சொல்லை இலத்தீன் என்று கருதி மனப்பாடம் செய்வோர் உளர். அது இலத்தீன் அன்று. நம் தொழுவத்தில் நின்று அசைபோடும் எருமையே அது. சோழமண்டலக் கரை மீனவர்கள் அகன்று தடித்த ஒரு தட்டை மீனுக்கு 'எருமை நாக்கு' என்று பெயரிட்டிருந்தனர். அப்பெயரின் முற்பாதி, எழுத்துச் சற்றே திரிந்து, உலகத்து நூல்களிலெல்லாம் நிலைபெற்றுவிட்டது.

அது அங்குச் சென்ற வழி சுவையானது. தரங்கம்பாடியில் டேனிஷ்காரர் 1620-இல் கோட்டை கட்டினர். 1706-இல் சீகன்பால்கு முதலிய பாதிரிமார் அங்கு வந்திறங்கினர். அந்த மரபில் 1771-இல் வந்தவர் கிறிஸ்டோப் சாமுவேல் ஜான். பள்ளிகள் நடத்துவதில் பெரும் ஈடுபாடு கொண்ட இவர், ஓய்ந்த நேரங்களில் கடற்கரைக்குச் சென்று சிப்பியும் மீனும் சேகரித்தார். மீன்களைப் பதப்படுத்தி, மீனவர் வழங்கிய பெயர்களையும் உடன் எழுதி, கப்பல் வழியே பெர்லின் நகருக்கு அனுப்பினார். அங்கே அவற்றைப் பெற்றவர் மார்க்கஸ் எலியேசர் பிளோக் என்னும் மருத்துவர். மீனியலில் அக்காலத்துப் பேரறிஞர். பிளோக் 1799-இல் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற கையெழுத்துப் படியை ஷ்னைடர் என்பவர் நிறைவு செய்து 1801-இல் வெளியிட்டார். நம் எருமை நாக்கு அந்நூலில்தான் முதன்முதலாக அறிவியற் பெயர் பெற்றது.

இன்னொரு மீனையும் இங்கே சொல்ல வேண்டும். 1793-இல் பிளோக் ஒரு மீனினத்துக்குத் தம் நண்பரின் நினைவாக 'ஜானியஸ்' என்று பெயர் சூட்டினார். அவ்வினத்து மீன் ஒன்றின் முழுப்பெயர் 'ஜானியஸ் கருட்டா'. 'கறுத்த கத்தாளை' என்று மீனவர் சொன்னதில் 'கறுத்த' என்னும் சொல்லே 'கருட்டா' ஆயிற்று. பெயரின் முற்பகுதியில் பாதிரியார் இருக்கிறார். பிற்பகுதியில் மீனவர் இருக்கிறார். ஆனால் பாதிரியாரின் பெயர் நமக்குத் தெரியும். மீனவரிடமிருந்து அவருடைய சொல் மட்டுமே வந்து சேர்ந்தது. அச்சொல்லின் பின்னே எத்தகைய அறிவு இருந்தது என்பதை எவரும் பெர்லினுக்கு எழுதியனுப்பவில்லை போலும். அவ்வறிவைக் காண வேண்டுமானால் தூண்டிலைத்தான் அவிழ்த்துப் பார்க்க வேண்டும்.

முதலில் மீனைப் பார்ப்போம். தட்டை மீன்கள் குஞ்சாக இருக்கும்போது மற்ற மீன்களைப் போலவே தலைக்கு இருபுறமும் ஒவ்வொரு கண் உடையவை. வளர வளர ஒரு கண் மெல்ல நகர்ந்து மறுபக்கத்துக்கு வந்துவிடும்; பின்பு மீன் ஒருபுறமாகச் சாய்ந்து கடலடியில் கிடக்கும். எருமை நாக்கிலோ அக்கண் முழுப்பயணம் செய்வதில்லை. தலையின் மேல்விளிம்பருகே வந்து நின்றுவிடுகிறது. சில மீன்களில் இரு கண்களும் இடப்பக்கம் இருக்கும், சிலவற்றில் வலப்பக்கம். கண் படிப்படியாக நகர்வது பயனற்றது என்று கூறி 1871-இல் மைவர்ட் என்பார் டார்வினை எதிர்த்தார். மறு ஆண்டு வந்த தம் நூலின் ஆறாம் பதிப்பில் டார்வின் அதற்கு விடையிறுத்தார். அவ்வழக்கில் நம் கரைமீன் நல்ல சாட்சியாகும்.

இம்மீன் மண்ணில் கிடந்து மேல்நோக்கிப் பார்த்திருந்து, அருகில் வரும் சிறுமீனைப் பாய்ந்து கவ்வும். வாய் பெரியது. பற்களோ அம்பு முனைபோல் கொளுவி உடையவை. இவ்விரண்டு செய்திகளே தூண்டில் கட்டும் முறையைத் தீர்மானிக்கின்றன.

இரை தரையில் புதைந்தால் மேல்நோக்கும் கண்ணுக்குப் புலப்படாது. மிக உயர்ந்தால் மீன் எழுந்து வாராது. ஆகவே ஈயக்குண்டை நெடுங்கயிற்றின் கடைசியில் கட்டுவர். அதற்கு மேல் ஒரு சாண் அல்லது இரு சாண் விட்டு, பக்கவாட்டில் குறுகிய கிளைக்கயிறு ஒன்றைப் பிணைத்து, அதன் நுனியில் முள்ளைக் கட்டுவர். குண்டு தரையைத் தொட, இரை தரைக்கு மேலே நீரோட்டத்தில் அலையும். கிளைக்கயிறு நீண்டால் நெடுங்கயிற்றில் சுற்றிக்கொள்ளும். ஆதலின் ஒரு முழத்துக்குள் அடக்குவது நல்லது. பற்கள் நூலை அறுக்காதிருக்க, முள்ளுக்கு அடுத்துச் சிறிதளவு உலோகக் கம்பி சேர்க்க வேண்டும். குண்டு முள்ளுக்கு மேலே இருந்தால் இரை மண்ணில் கிடக்கும், நண்டு தின்றுவிடும். நான்கு விரற்கடை இடமாற்றத்தில் ஒரு நாள் உழைப்பு வீணாகும் என்பதைக் கவனியுங்கள்.

முள்ளைக் கட்டுவதிலும் நுட்பம் உண்டு. சிலவகை முட்களுக்குக் காது இல்லை. தண்டின் தலை தட்டையாக அடிக்கப்பட்டிருக்கும். அத்தகைய முள்ளில் நூலைத் தண்டோடு சேர்த்து மடித்து, ஏழெட்டுச் சுற்று நெருக்கமாகச் சுற்றி, நுனியை மடிப்பினுள் செலுத்தி இழுக்க வேண்டும். மீன் இழுக்குந்தோறும் சுற்று தட்டைத் தலையில் முட்டி இறுகும். பருத்தி நூல் நனைந்தால் தானே இறுகிக்கொள்ளும். நைலான் இழையோ வழுக்கும். ஆகவே சுற்றுகளை மிகுத்து, எச்சிலால் நனைத்து, மெல்ல இழுப்பர். காய்ந்த நைலானை வேகமாக இழுத்தால் உராய்வின் சூட்டில் இழை நலிந்துவிடும்.

இரும்பு முள் நமக்குப் புதிதன்று. திருக்குறளில் சூது பற்றிய அதிகாரத்தில் மீன் விழுங்கும் தூண்டில் உவமையாக வருகிறது. அங்குள்ள 'பொன்' என்னும் சொல்லுக்குப் பரிமேலழகர் இரும்பு என்றே பொருள் கொண்டார். கொல்லர் கையால் அடித்த முள்ளின் காலம் நெடிது. நார்வே நாட்டு முஸ்தாத் நிறுவனம் 1877-இல் எந்திரத்தால் முள் செய்யத் தொடங்கியது. கம்பியை வெட்டுதல், கூராக்கல், கொளுவி சீவுதல், வளைத்தல் யாவும் எந்திரத்துக்குச் சென்றன. ஒரகடத்துத் தொழிற்சாலைகளில் உலோகம் வெட்டியும் வளைத்தும் பதப்படுத்தப்படுவதைக் கண்ட மாணவர்க்கு இது எளிதில் விளங்கும். நைலானைக் கண்டறிந்தவர் அமெரிக்காவின் கரோதர்ஸ், ஆண்டு 1935. அடுத்த தலைமுறைக்குள் அவ்விழை நம் கடற்கரைக்கு வந்து பருத்தியையும் சணலையும் விரட்டிவிட்டது. முள்ளும் இழையும் வெளியிலிருந்து வந்தாலும், அவற்றை எந்த அளவில் எங்கே பிணைப்பது என்பது மட்டும் எந்திரத்துக்குப் போகவில்லை. அது இன்னும் மீனவர் வீட்டுத் திண்ணையில்தான் நடக்கிறது.

1920-களின் தொடக்கத்தில் சென்னை மாகாண மீன்வளத்துறைத் தலைவராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் சோழமண்டலக் கரையின் மீன்பிடி முறைகளைத் தொகுத்து எழுதினார். மீனவர் கைவேலையைக் கல்விக்குரிய பொருளாக மதித்தவர்களுள் அவர் முன்னோடி. பிளோக் சொல்லை மட்டும் பெற்றார். ஹார்னெல் கருவியையும் பார்த்தார் என்பது என் கருத்து.

தட்டை மீன் யாவும் தூண்டிலுக்கு அகப்படும் என்று எண்ணிவிடக் கூடாது. குழம்புக்குப் பேர்பெற்ற நாக்கு மீனின் வாய் சிறியது, வளைந்தது, மண்ணிலுள்ள புழுவையும் சிற்றுயிரையும் அது தின்னும். அதற்கு வலையே ஏற்றது. 'எருமை' என்னும் ஒரு சொல்லால் மீனவர் இவ்விரண்டையும் பிரித்துவிட்டனர். பெர்லினில் அதைப் படித்தவர்கள் பருமனை மட்டுமே உணர்ந்திருப்பர். நம்மவர்க்கோ கயிற்றின் கனமும் முள்ளின் அளவும் அச்சொல்லிலேயே தெரிந்துவிடும்.

ஒரகடத்திலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம் வழியே கிழக்கே சென்றால் கோவளம் கடற்கரை வரும். ஒரகடத்து ஏரியில் கோலும் தக்கையும் கொண்டு தூண்டில் போடும் சிறுவர் அங்குச் சென்றால் இரண்டும் இல்லாத கைத்தூண்டிலைக் கண்டு வியப்பர். ஆழத்தில் கிடக்கும் மீனுக்குத் தக்கை உதவாது. குண்டு தரையைத் தட்டுவதையும் மீன் இரையைத் தொடுவதையும் சுட்டுவிரலே பிரித்தறிய வேண்டும்.

1960-களிலிருந்து இழுவலைப் படகுகள் பெருகின. கடலடியை வழித்துச் செல்லும் அவ்வலை எருமை நாக்கையும் நாக்கு மீனையும் அவற்றின் குஞ்சுகளையும் ஒருங்கே வாரிவிடுகிறது. முள்ளோ வாய்க்கேற்ற மீனை மட்டுமே பிடிக்கும். மீன்கள் பெருகும் காலத்தைக் காக்க 2001 முதல் தமிழகத்தின் கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை உண்டு. முன்பு 45 நாளாக இருந்தது, இப்போது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். கட்டுமரம் முதலிய மரபுக் கலங்களுக்கு இத்தடை இல்லை. அக்கோடையில் கரைக்குச் செல்லும் மாணவர், கைத்தூண்டில் கட்டும் ஒரு பெரியவரிடம் குண்டுக்கும் முள்ளுக்கும் இடையே எத்தனை விரற்கடை விடுகிறார் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். உடன் அவருடைய பெயரையும் எழுதிக்கொள்ளலாம்.