ஷோப், ரிச்சர்டு எட்வின் (1901–1966)

இல்லவே இல்லாத பொருளை 'முயற்கொம்பு' என்பது தமிழ் வழக்கு. அந்தக் கொம்பையே அரைத்து, வடிகட்டி, அதை வளர்ப்பது ஒரு வைரஸ் என்று காட்டியவர் அமெரிக்க நோயியல் அறிஞர் ரிச்சர்டு ஷோப். பாலூட்டிகளில் கட்டியை உண்டாக்கும் வைரஸ்களின் ஆய்வு வரலாற்றில் முதலில் வரும் பெயர்களுள் அவருடையதும் ஒன்று.

அயோவா மாநிலத்தின் டெ மாயின் நகரில் 1901 டிசம்பர் 25 அன்று பிறந்தார். 1924இல் அயோவா பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். மறு ஆண்டு நியூ ஜெர்சியில் பிரின்ஸ்டன் நகரிலிருந்த ராக்ஃபெல்லர் நிறுவனத்தின் விலங்கு நோயியல் பிரிவில் சேர்ந்தார். படித்தது மனித வைத்தியம். வாழ்நாள் முழுக்கப் பார்த்ததோ பன்றி, மாடு, முயல், மான்.

அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது பன்றிக் காய்ச்சல். அயோவாப் பண்ணைகளில் நோயுற்ற பன்றிகளிடமிருந்து எடுத்த மாதிரிகளைக் கொண்டு, நோய்க்கு மூலம் ஒரு வைரஸ் என்பதை 1931இல் வெளியிட்டார். மனித ஃப்ளூ காய்ச்சலின் வைரஸ் லண்டனில் பிடிபட்டது 1933இல்தான்.

அயோவா மாடுகளுக்கு இன்னொரு நோயும் இருந்தது. பண்ணையார்கள் அதை 'வெறி அரிப்பு' என்றார்கள். மாடு ஓரிடத்தையே ஓயாமல் நக்கும், கம்பத்தில் தேய்க்கும், தோல் கிழிந்து சதை தெரிந்தாலும் விடாது. ஓரிரு நாளில் செத்துவிடும். 1902இல் ஹங்கேரியில் ஔயெஸ்கி விவரித்த நோயும் இதுவும் ஒன்றே என்று ஷோப் நிறுவினார். அதே தொழுவத்தில் சாதுவாகத் திரியும் பன்றிகளே அந்த வைரஸைச் சுமக்கின்றன என்பதும் அவர் கண்டதுதான்.

முயல் ஆய்வுக்கு வித்திட்டது அவருடைய வேட்டைப் பழக்கம். பிரின்ஸ்டன் அருகே சுட்ட பஞ்சுவால் காட்டுமுயல் ஒன்றின் காலில் தோலடிக் கட்டிகளைப் பார்த்தார். வேறு யாராக இருந்தாலும் அறுத்தெறிந்துவிட்டுச் சமைத்திருப்பார்கள். அவர் ஆய்வகத்துக்குக் கொண்டுபோனார். அதிலிருந்து பிரித்த ஃபைப்ரோமா வைரஸ் 1932இல் வெளியானது. அது வந்து தேறிய முயலை, கொடிய மிக்சோமா நோயால் வீழ்த்த முடியவில்லை. பின்னாளில் ஐரோப்பிய முயல் பண்ணைகளில் இதுவே தடுப்பூசியாயிற்று.

அடுத்தது கொம்பு. ஐரோப்பாவின் பழைய இயற்கை நூல்களில் கொம்பு முயலைத் தனி இனமாகவே வரைந்து வைத்திருக்கிறார்கள். அயோவாப் பக்கம் அப்படிப்பட்ட முயல்கள் உண்டென்று கேள்விப்பட்ட ஷோப், கதை என்று தள்ளிவிடாமல், கொம்பை அனுப்பச் சொன்னார். வந்தவை கறுத்து, காய்ந்து, நுனியில் பிசிறடித்த மருக்கள். எலும்பு எதுவும் இல்லை. நம் நகத்திலுள்ள அதே கெரட்டின். வாயருகே முளைத்தால் முயல் மேய முடியாமல் பட்டினி கிடந்தே சாகும். அவற்றை மணலோடு சேர்த்து அரைத்து உப்பு நீரில் கரைத்து, பாக்டீரியாவும் நுழையாத பெர்க்ஃபெல்ட் வடிகட்டியில் இறக்கி, நல்ல முயல்களின் தோலைக் கீறித் தடவினார். சில நாட்களில் அங்கே மரு எழுந்தது. வெஸ்டன் ஹர்ஸ்டுடன் எழுதிய கட்டுரை 1933இல் வெளிவந்தது.

இதில் ஒரு புதிர் இருந்தது. வீட்டு முயலிலும் மரு வளர்ந்தது. ஆனால் அந்த மருவை அரைத்து இன்னொரு முயலுக்குத் தடவினால் பெரும்பாலும் எதுவும் வரவில்லை. வைரஸ் உள்ளேயே இருந்துகொண்டு முகத்தை மறைத்துக்கொள்கிறது என்று ஷோப் கருதினார். வைரஸ் கண்ணில் படவில்லை என்பதாலேயே அது காரணமில்லை என்று சொல்லிவிட முடியாது என்ற இந்தக் கருத்து, என் பார்வையில், கொம்பைவிடப் பெரிய கண்டுபிடிப்பு.

புற்றுநோய்ப் பக்கத்தை அவர் தொடரவில்லை. தன் வைரஸை நியூயார்க்கில் இருந்த புற்றுநோய் ஆய்வாளர் பெய்ட்டன் ரௌஸிடம் தாராளமாகக் கொடுத்துவிட்டார். இந்த மருக்கள் முற்றிப் புற்றாகின்றன என்று ரௌஸும் ஜோசப் பியர்டும் காட்டினர். 1937இல் ஷோப் வேறொன்றைச் சோதித்தார்: வைரஸைத் தோலில் தடவாமல் வயிற்றறைக்குள் ஊசியாகப் போட்டால், மரு தோன்றாமலே எதிர்ப்பாற்றல் உண்டாகிறது. இந்த மரு வைரஸின் இனத்தைச் சேர்ந்த மனிதப் பாப்பிலோமா வைரஸுக்கான தடுப்பூசி 2006இல் புழக்கத்துக்கு வந்தது. அந்த வைரஸே கருப்பைவாய்ப் புற்றுக்குக் காரணம் என்று கண்ட ஹரால்டு சுர் ஹௌசன் 2008இல் நோபல் பெற்றார்.

இரண்டாம் உலகப் போரில் கனடாவின் குரோஸ் தீவில், மாட்டு வெக்கை நோய்க்குக் கோழிமுட்டையில் தடுப்பூசி வளர்க்கும் பணியில் ஷோப் இருந்தார். பிறகு கடற்படையோடு குவாம் போனார். அந்த ஈரக்காற்றில், அவர் உடன் கொண்டுபோன மனைவியின் புகைப்பட உறையில் பூஞ்சை பூத்தது. துடைத்துப் போடாமல் அதையும் எடுத்து வைத்துக்கொண்டார். வைரஸ் தொற்றிய எலிகளை அதன் சாறு காப்பாற்றியது. மனைவி ஹெலனின் பெயரால் அதற்கு 'ஹெலனின்' என்று பெயரிட்டார். 1957இல் லாஸ்கர் விருது கிடைத்தது. மகன் ராபர்ட்டும் பேர்பெற்ற வைரஸ் ஆய்வாளரானார்.

1966 அக்டோபர் 2 அன்று ஷோப் காலமானார். ரௌஸுக்கு நோபல் கிடைத்தது அதே ஆண்டில். ஹெலனின் எப்படி வேலை செய்கிறது என்பது மறு ஆண்டு தெரியவந்தது: அதிலிருந்த இரட்டை இழை ஆர்என்ஏ, வைரஸை எதிர்க்கும் இன்டர்ஃபெரானை உடல் சுரக்க வைக்கிறது. அந்த ஆர்என்ஏ பூஞ்சையினுடையது அல்ல, பூஞ்சைக்குத் தொற்றியிருந்த ஒரு வைரஸினுடையது.