மரத்தைச் சிதைக்கும் பூஞ்சைகள்

மரத்தின் செல்சுவர்களைப் பூஞ்சைகள் கரைத்து உணவாக்கிக்கொள்வதால் மரம் நிறம் மாறி, எடை குறைந்து, வலுவிழந்து இற்றுப்போவது மரச்சிதைவு எனப்படும். கறையானும் வண்டும் துளைப்பது இதில் சேராது. ஆனால் பூஞ்சையால் இளகிய மரத்தைக் கறையான் எளிதில் பற்றிக்கொள்ளும். மரம் கெட்ட பிறகுதான் அதில் பூஞ்சை முளைக்கிறது என்றே நெடுங்காலம் கருதினர். பூஞ்சையே கேட்டுக்குக் காரணம் என்பதை ஜெர்மானிய வனவியலாளர் ராபர்ட் ஹார்ட்டிக் 1870களில் நுண்ணோக்கி ஆய்வுகளால் நிறுவினார்.

பூஞ்சை வளர நீர், காற்று, மிதமான வெப்பம், உணவு ஆகிய நான்கும் வேண்டும். உணவு மரமேதான், வெப்பத்துக்கு நம் ஊரில் குறைவில்லை. எனவே நம்மால் கட்டுப்படுத்த முடிவது பெரும்பாலும் நீரை மட்டுமே. உலர்ந்த எடையோடு ஒப்பிட, மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழ் இருந்தால் சிதைவு தொடங்காது. ஏறத்தாழ 30 சதவீதத்தில் செல்சுவர்கள் நீரால் நிறைந்துவிடும். அதற்கு மேல் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். காற்று அறவே கிடைக்காத இடத்திலும் மரம் தப்பும். 1628இல் ஸ்டாக்ஹோம் துறைமுகத்தில் மூழ்கிய வாசா என்ற போர்க்கப்பலை 1961இல் மேலே தூக்கியபோது, அதன் ஓக் மர உடல் பெரும்பாலும் முழுமையாகவே இருந்தது. மண்ணில் நட்ட கம்பத்திலும் இதைக் காணலாம். ஆழத்தில் காற்று போதாது, மேலே ஈரம் போதாது. இரண்டும் சேர்ந்து கிடைக்கும் மண்மட்டத்தில்தான் கம்பம் இற்று முறியும்.

வீடுகளில் முதலில் கெடுவது குளியலறைக் கதவு நிலையின் அடிப்பகுதி. குறுக்காக வெட்டிய முனை ஈரத்தரையில் நிற்பதால், மரத்தின் நுண்குழாய்கள் நீரை மேல்நோக்கி இழுக்கின்றன. பக்கங்களில் பூசிய பெயிண்ட் அந்த ஈரத்தை வெளியேற விடுவதில்லை. வெளியே பளபளப்பு குறையாமலே உள்ளே மரம் மக்கிக்கொண்டிருக்கும். திருப்புளி முனையால் குத்தி நெம்பிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். நல்ல மரம் நீளச் சிலாம்பாகப் பெயரும்; இற்ற மரம் குறுக்கே முறிந்து உதிரும்.

சிதைவு மூன்று வகைப்படும். பழுப்பு அழுகலில் பூஞ்சை செல்சுவரின் நார்ப்பொருளான செல்லுலோஸைத் தின்று, அதைப் பிணைக்கும் லிக்னினை விட்டுவைக்கும். மரம் பழுப்பேறி, கட்டம் கட்டமாக வெடிக்கும். இதுவே மிக ஆபத்தானது. எடையில் பத்தில் ஒரு பங்கு குறைவதற்குள் வலிமையில் பாதிக்கும் மேல் போய்விடக்கூடும். உத்திரம் பார்வைக்கு நன்றாக இருக்கும்போதே பாரம் தாங்காமல் போகலாம். வெண் அழுகல் லிக்னினையும் சேர்த்தே தின்னும்; மரம் வெளுத்து நார்நாராகப் பிரியும். பெரும்பாலும் இலையகன்ற மரங்களில் இதைக் காணலாம். காட்டில் விழுந்த மரங்கள் மண்ணோடு மண்ணாவது இப்பூஞ்சைகளால்தான் என்பதையும் மறக்கலாகாது. மூன்றாவதான மென் அழுகல், எப்போதும் நனைந்தே இருக்கும் மரத்தை மேற்பரப்பிலிருந்து மெல்ல அரிக்கும். ஐரோப்பிய வீடுகளை அச்சுறுத்தும் செர்புலா லாக்ரிமான்ஸ் பழுப்பு அழுகல் வகை. தடித்த இழைகளால் சுவர்களைக் கடந்தும் நீரைக் கொண்டுசெல்லும் இப்பூஞ்சை, இமயமலைக் காடுகளில் இயற்கையாகவே காணப்படுகிறது. குளிர்ச்சியை விரும்புவதால் நம் சமவெளி அதற்கு ஒத்துவராது.

எல்லா மரமும் ஒன்றுபோல் கெடுவதில்லை. தேக்கு, வேங்கை, பலா போன்றவற்றின் வைரப்பகுதியில் பூஞ்சையை எதிர்க்கும் பொருள்கள் இயற்கையாகவே உள்ளன. வைரத்தைச் சுற்றியுள்ள வெளிறிய பகுதிக்கு அந்தக் காப்பு கிடையாது. தேக்கே ஆனாலும் அப்பகுதி விரைவில் கெடும். மா, இலவு, ரப்பர் மரங்கள் பதப்படுத்தாமல் நிலைக்கா.

பாதுகாப்பு கட்டுமானத்திலேயே தொடங்க வேண்டும். தக்கலை அருகே உள்ள பத்மநாபபுரம் அரண்மனை, கனமழை பெய்யும் பகுதியில் பல நூற்றாண்டுகளாக நிற்கிறது. சரிந்து இறங்கும் கூரையும் அகன்ற இறவாரமும் மழையை மரத்திலிருந்து விலக்குகின்றன. காற்றும் தடையின்றி உலவுகிறது. மரத்தை மண்ணிலிருந்து உயர்த்தி வைத்தல், நன்கு உலர்த்திய பிறகே பயன்படுத்தல், வெட்டுமுனைகளை அடைத்துப் பூசுதல், நீர் தேங்கும் இடுக்குகளைத் தவிர்த்தல் ஆகியவை எந்த மருந்தைவிடவும் பயன் தருபவை.

இவை இயலாத இடத்துக்கே வேதிப்பொருள். 1838இல் ஜான் பெத்தல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற முறையில், உருளைக் கலனுக்குள் மரத்தை அடுக்கி, காற்றை உறிஞ்சியெடுத்து, நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் கிரியோசோட் எண்ணெயை அழுத்தத்தால் உட்செலுத்தினர். ரயில் பாதையின் மரக்கட்டைகள் இதனால் பல மடங்கு நீடித்தன. டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய சொந்தி காமேசம் 1933இல் தாமிரம், குரோமியம், ஆர்செனிக் கலந்த கரைசலை உருவாக்கினார். அது மின்கம்பம் முதல் வேலிக்கால் வரை உலகெங்கும் பயன்பட்டது. அவர் பெயரை நம்மவர்கள் இன்னும் நன்றாக அறிந்திருக்க வேண்டும். ஆர்செனிக் நஞ்சு பற்றிய கவலையால், அமெரிக்காவில் 2003 இறுதியோடு பெரும்பாலான வீட்டுப் பயன்பாடுகளுக்கு இக்கரைசலைப் பயன்படுத்துவது கைவிடப்பட்டது. அவ்விடத்தைத் தாமிரம் சார்ந்த வேறு கலவைகள் பிடித்துள்ளன. ரப்பர் மர அறைகலன்களுக்குப் போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த கரைசல் பயன்படுகிறது. இது நீரில் கரைந்து வெளியேறுவதால் வீட்டுக்குள் இருக்கும் மரத்துக்கே ஏற்றது. வெறுமனே தூரிகையால் பூசும் மருந்து மேற்பரப்போடு நின்றுவிடும். ஆழ்ந்த காப்புக்கு அழுத்தமுறையே வழி.

மரம் ஏற்கெனவே கெட்டிருந்தால், முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து அடைக்க வேண்டும். அதன் பிறகே இற்ற பகுதியை நல்ல மரம் தெரியும்வரை வெட்டியெடுத்து, பதப்படுத்திய துண்டால் மாற்ற வேண்டும். வெட்டி எஞ்சும் பதப்படுத்திய மரத்தை அடுப்பெரிக்கப் பயன்படுத்தாதீர்கள்: அதன் புகையும் சாம்பலும் நஞ்சு.