மதுரையில் பிறந்த மகளிர் காற்பந்துக் கழகம்

பொந்தியான் வட்டாரத்தில் மாலை ஐந்தரை மணிக்குத் திடல் பக்கம் போனால் பையன்கள் பந்தை உதைத்துக் கொண்டிருப்பார்கள். ஜொகூர் டாருல் தாக்சிம் குழு 2014 முதல் சூப்பர் லீக் பட்டங்களைக் குவிக்கத் தொடங்கிய பிறகு இந்த மோகம் இன்னும் கூடியது. அக்காளும் தங்கையும் என்ன செய்கிறார்கள்? ஓரத்தில் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். "பெண் பிள்ளைக்குப் பந்தாட்டம் எதற்கு? இதெல்லாம் இப்போது வந்த நாகரிகம்" என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. மகள் மீதுள்ள அக்கறையில் எழும் பேச்சு அது. ஆனால் 'இப்போது வந்தது' என்பது மட்டும் சரியில்லை.

இன்று மகளிர் காற்பந்து என்றாலே ஸ்பெயின் நாடுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. 2022 ஏப்ரல் 22ஆம் தேதி பார்சிலோனா மகளிர் குழுவின் ஆட்டத்தைக் காண கேம்ப் நோ அரங்கில் 91,648 பேர் கூடினார்கள். 2023இல் மகளிர் உலகக் கிண்ணமும் ஸ்பெயினுக்கே போனது. அதே ஸ்பெயினின் காற்பந்துச் சங்கம் மகளிர் ஆட்டத்தை முறையாக ஏற்றுக்கொண்டது 1980இல்தான். அதுவரை அங்கே பெண்கள் ஆடினார்கள், ஆனால் ஏட்டில் அவர்களுக்கு இடமில்லை.

மலேசியாவின் கதை அதற்கு முந்தியது. ஆசிய மகளிர் காற்பந்துச் சம்மேளனம் 1968இல் ஹாங்காங்கில் தொடங்கப்பட்டபோது மலேசியாவும் அதில் இருந்தது. 1975இல் அதே ஹாங்காங்கில் முதலாவது ஆசிய மகளிர் போட்டி நடந்தது. ஆறு நாடுகள் கலந்துகொண்டன. நியூசிலாந்து வென்றது, தாய்லாந்து இரண்டாவது, ஆஸ்திரேலியா மூன்றாவது, மலேசியா நான்காவது. 1983இல் பேங்காக்கில் மலேசியப் பெண்கள் மூன்றாம் இடத்துக்கே வந்துவிட்டார்கள். இன்று பாட்டிமார்களாக இருக்கும் தலைமுறை சாதித்த சாதனை இது! நம் வீடுகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? அப்படித் தொடங்கிய நாடு, 2026 ஆசியக் கிண்ணத்துக்குத் தகுதி பெறவில்லை.

பேங்காக்கில் அன்று இரண்டாம் இடம் பிடித்தது இந்தியா. அதற்கு முன், கோழிக்கோட்டில் நடந்த போட்டியிலும் இந்தியாவுக்கு இரண்டாம் இடம்தான். அதன் பிறகு இந்தியாவும் நெடுங்காலம் தேங்கிப் போனது. தேசியக் குழு ஒரு போட்டிக்காகக் கூடும், முடிந்ததும் கலையும். ஆண்டு முழுவதும் பயிற்சி கொடுத்து, ஆட்டம் தேடிக்கொடுத்து ஒரு பெண்ணை வைத்திருப்பது கழகம். அந்தக் கழகங்கள் மோதிக்கொள்ள ஒரு தேசிய லீக் இந்தியப் பெண்களுக்குக் கிடைத்தது 2017 ஜனவரியில்தான்.

இந்த இடத்தில்தான் மதுரை வருகிறது. மல்லிகைக்கும் மீனாட்சியம்மனுக்கும் பேர்போன ஊர் அது. காற்பந்து என்றால் கல்கத்தா, கோவா, மணிப்பூர் என்றுதான் இந்தியாவில் சொல்வார்கள், மதுரையை யாரும் சொல்லமாட்டார்கள். அங்கே 2016இல் பெண்களுக்காகவே சேது எப்.சி. என்ற கழகம் தொடங்கப்பட்டது. ஆண்கள் குழு ஒன்று பெயர் பெற்று, பிறகு போனால் போகிறது என்று பெண்கள் பிரிவைச் சேர்த்துக்கொண்ட கதை அல்ல இது.

மூன்றே ஆண்டுகளில் பலன் தெரிந்தது. 2019 மே 22ஆம் தேதி பஞ்சாப் மாநிலம் லூதியானாவில் இந்திய மகளிர் லீக்கின் இறுதியாட்டம். எதிரே நின்றது மணிப்பூர் போலீஸ். மணிப்பூர்க்காரர்கள் பெண்கள் காற்பந்தில் இந்தியாவுக்கே வாத்தியார்கள். சேது 3-1 என்று வென்றது. பயிற்றுநர் அம்ருதா அரவிந்தும் ஒரு பெண்தான். கோல் மழை பொழிந்த சபித்ரா பண்டாரி நேப்பாளத்திலிருந்து வந்தவர். மதுரைக் கழகம் எல்லை தாண்டி ஆள் தேடியது என்பதைக் கவனிக்க வேண்டும்.

தமிழ்நாட்டிலும் ஆளுக்குப் பஞ்சமில்லை. கடலூர் வட்டாரம் இதற்கு நல்ல உதாரணம். 2004 சுனாமி அடித்துப்போட்ட கரை அது. அங்கே மாரியப்பன் என்ற பயிற்றுநர் ஏழைப் பிள்ளைகளைத் திரட்டிப் பந்தாடக் கற்றுக்கொடுத்தார். சேதுவுக்காக ஆடிய இந்துமதி கதிரேசனும் சந்தியா ரங்கநாதனும் அந்த மண்ணில் வளர்ந்தவர்கள். இருவரும் இந்தியச் சட்டையும் அணிந்தார்கள். இந்துமதி தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளராகவும் ஆனார். "பந்து சோறு போடுமா?" என்று கேட்கும் பெற்றோர் இதை ஒரு தடவை யோசித்துப் பார்க்கலாம்.

2018இல் தமிழ்நாட்டு மகளிர் அணி முதன்முறையாகத் தேசிய வாகை சூடியது, அதுவும் மணிப்பூரை வீழ்த்தி. 2023இல் மீண்டும் அதே பட்டம். கழகங்கள் இல்லாமல் இது கைகூடியிருக்குமா என்பது சந்தேகமே.

எல்லாம் வெற்றிதான் என்று எண்ணிவிட வேண்டாம். 2022 மே 26ஆம் தேதி புவனேஸ்வரில் பட்டத்தைத் தீர்மானிக்கும் ஆட்டம். சேதுவும் கேரளத்தின் கோகுலமும் அதுவரை தோல்வியே காணாமல் வந்தன. முதல் கோலை அடித்தது சேது. ஆட்டம் முடிந்தபோது கோகுலம் 3, சேது 1.

அதைவிடப் பெரிய குறை லீக்கின் அமைப்பிலேயே இருந்தது. தொடக்க ஆண்டுகளில் எல்லாக் குழுக்களையும் ஓர் ஊருக்கு வரவழைத்துச் சில வாரங்களில் போட்டியை முடித்துவிட்டார்கள். மீதி மாதங்களுக்கு ஆட்டமும் இல்லை, வருமானமும் இல்லை. கோவிட் காலத்தில் 2020-21 லீக் நடக்கவே இல்லை. சொந்த ஊரில் ஓர் ஆட்டம், எதிரணி ஊரில் ஓர் ஆட்டம் என்ற முறை 2023-24இல்தான் வந்தது. அந்த ஆண்டு ஆடிய ஏழு குழுக்களில் சேதுவும் ஒன்று.

2025 ஜூலை 5ஆம் தேதி இந்தியப் பெண்கள் தாய்லாந்தை அதன் சொந்த மண்ணிலேயே 2-1 என்று வென்று 2026 ஆசியக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்றார்கள். 1983இல் பேங்காக் இறுதியாட்டத்தில் இந்தியாவைத் தோற்கடித்த அதே தாய்லாந்து.

பொந்தியானில் ஒரு பெண் பிள்ளை பள்ளிக் குழுவில் நன்றாக ஆடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஐந்தாம் படிவம் முடித்ததும் அவள் எங்கே போய் ஆடுவாள்? ஜொகூர் பாருவுக்கே ஏறக்குறைய 60 கிலோமீட்டர். பயிற்சி முடிந்து இரவில் திரும்ப யாராவது வண்டியோடு வர வேண்டும். அந்த வண்டியை ஓட்டப்போவது அவளுடைய அப்பாவா, அண்ணனா என்பதைத்தான் வீட்டில் முதலில் பேச வேண்டியிருக்கும்.