சதுரங்கப்பட்டினம்: தறியைத் தேடி வந்த கம்பெனி

சென்ற வாரம் பழவேற்காட்டில் நிறுத்தியிருந்தோம். அங்கிருந்து கடலோரமாகவே தெற்கே வந்து மாமல்லபுரத்தைத் தாண்டினால், கல்பாக்கத்தை ஒட்டி சதுரங்கப்பட்டினம். ஐரோப்பியர் வாயில் சத்ராஸ். இன்று திருக்கழுக்குன்றம் வட்டத்தில் ஓர் ஊராட்சி. கிழக்கே கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய், தெற்கே சற்றுத் தள்ளிப் பாலாற்று முகத்துவாரம்.

துறைமுகத்துக்கு இயற்கை இங்கே எந்த வசதியும் செய்து தரவில்லை. கப்பல்கள் தொலைவிலேயே நங்கூரம் போட்டு நிற்கும். பலகைகளை ஆணியில்லாமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள்தான் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு அலையைத் தாண்டும். ஆணி அடித்த படகு அந்த அடியில் பிளந்துவிடும். தைத்த படகு நெளிந்து கொடுக்கும். இத்தனை சிரமத்தோடும் டச்சுக் கம்பெனி 17ஆம் நூற்றாண்டில் இங்கே வந்து உட்கார்ந்தது துணிக்காக. சுற்றுவட்டாரத் தறிகளில் நெய்த மெல்லிய மஸ்லினுக்கு அப்படியொரு கிராக்கி.

தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கும் செங்கல் கோட்டைக்குள் போனால் இது கண்ணுக்கே தெரியும். பேருக்குத்தான் கோட்டை. உள்ளே இருப்பவை கிடங்குகள். ஒரு பக்கம் மதிலடைத்த கல்லறைத் தோட்டம். கிடத்திய கற்பலகைகளில் டச்சு எழுத்துகளும் குலச்சின்னங்களும் ஆழமாக வெட்டப்பட்டிருக்கின்றன. வணிகர்களுக்கு இவ்வளவு நுணுக்கமான வேலைப்பாடா என்று தோன்றும்.

அடுத்தவர் சண்டைகளுக்கும் இந்த ஊர் இடம் கொடுத்தது. 1754 ஜனவரியில் ஆங்கிலேய, பிரெஞ்சுத் தூதர்கள் சமரசம் பேசக் கூடியது இரு தரப்பையும் சேராத டச்சுக்காரரின் இந்த ஊரில்தான். பேச்சு முறிந்தது, அதே ஆண்டு பிரெஞ்சு ஆளுநர் டூப்ளே பதவியிழந்து பிரான்ஸ் திரும்பினார். 1781இல் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்தார்கள். 1782 பிப்ரவரி 17 அன்று எதிரே கடலில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரானும் ஆங்கிலேயத் தளபதி ஹியூஸும் மோதினார்கள். அடிபட்ட ஹியூஸ் பழுதுபார்க்கத் திருகோணமலைக்குப் போனார். சுஃப்ரான் பரங்கிப்பேட்டையில் படையை இறக்கி, ஆங்கிலேயரோடு போரிட்டுக்கொண்டிருந்த மைசூரின் ஹைதர் அலிக்குக் கைகொடுத்தார்.

ஊர் கைமாறிக் கைமாறி, 1818இல் டச்சுக்காரரிடமே திரும்பி வந்தது. கடைசியில் 1824 லண்டன் ஒப்பந்தம். சுமத்ராவின் பென்கூலனை ஆங்கிலேயர் விட்டுக்கொடுக்க, மலாக்காவையும் இந்தியாவிலிருந்த தம் இடங்களையும் டச்சுக்காரர் கொடுத்தார்கள். அந்தக் கணக்கில் சதுரங்கப்பட்டினமும் போனது. வாங்கியவர்களுக்கும் பெரிய லாபமில்லை என்பேன். லங்காஷயர் ஆலைத் துணி அதற்குள் சந்தையைப் பிடிக்கத் தொடங்கிவிட்டது. கப்பல் ஏற்ற அவர்களுக்குச் சென்னை இருந்தது.

(தொடரும்)