அக்கரையில அம்மா

வீட்டுல இப்ப நான் மட்டும்தான். தங்கமணி ஆத்துக்கு அக்கரையில, குளித்தலையில, அவங்க அம்மா வீட்டுல. 37வது வாரம். எங்களுக்குத் தலைப்பிரசவம். ('எங்களுக்கு'ன்னு சொன்னதுக்கு அக்கரையிலேருந்து ஒரு முறைப்பு வரும். வலி அவளுக்குத்தானே!)

பாக்குறவங்க எல்லாம் ஒரே அட்வைஸ். "மாப்ள, இப்பவே தூங்கிக்கடா, அப்புறம் ஆறு மாசத்துக்குத் தூக்கம் கிடையாது." "பாக்க வேண்டிய படமெல்லாம் பாத்துரு." "ஊர் சுத்தணும்னா இப்பவே சுத்திரு." தூக்கத்தை என்ன உண்டியல்லயா சேத்து வைக்க முடியும்? ரெண்டு நாள் முயற்சி பண்ணேன். விடிகாலை மூணு மணிக்கு முழிப்பு வந்து ஃபேனைப் பாத்துக்கிட்டுப் படுத்திருந்ததுதான் மிச்சம். சரி, நமக்குத் தெரிஞ்ச வழியில நாளைப் போக்குவோம்னு பழைய கதை ஒண்ணைக் கிண்ட ஆரம்பிச்சேன். பிரசவத்துக்கு முந்தின கடைசி நாட்கள்தான் அந்தக் கதையோட மையமே.

முதல்ல ஊர். இது சங்க இலக்கியத்துல வர்ற துறைமுக முசிறி இல்லீங்க, அது கேரளப் பக்கம். நம்ம முசிறி திருச்சியிலேருந்து மேற்கே 40 கிலோமீட்டர் சுமாருக்கு, காவிரியோட வடகரையில இருக்கு. நேர் எதிரே தென்கரையில குளித்தலை. நடுவுல ஆறு. இப்ப அகலமா ஒரு பாலம் இருக்கு, பைக்குல பத்து நிமிஷம். பாலம் வர்றதுக்கு முன்னாடி பரிசல்தான். கோடையில மணல்ல இறங்கி நடந்தே போவாங்களாம்.

எங்க அம்மாயி குளித்தலைப் பக்கம். தங்கமணி முழுகாம இருக்கான்னு சொன்னதும் அவங்க முதல்ல கணக்குப் போட்டது பிரசவத் தேதியை இல்ல, மேட்டூர் திறக்குற தேதியை. "ஜூன் 12க்கு முன்னாடி பொண்ணை அம்மா வீட்டுல கொண்டாந்து விட்றணும்டா, புதுத்தண்ணி வந்துரும்" அப்படின்னாங்க. அம்மாயி, பாலம் வந்து எத்தனையோ வருசம் ஆச்சு, கார்ல போறோம்னு சொல்லிப் பாத்தேன். காதுலயே வாங்கல. வைகாசியில வளைகாப்பு போட்டு, ஜூன் முதல் வாரத்துலயே கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க.

எனக்கு இது சிரிப்பா இருந்துச்சு. காரணம் தெரியுற வரைக்கும்.

இப்போ கதைக்கு வருவோம். திருச்சி மலைக்கோட்டைன்னா எல்லாரும் உச்சிப்பிள்ளையாரைத்தான் சொல்வாங்க. நடுவுல தாயுமானவர் இருக்காரு, மூச்சு வாங்கிக்கிட்டு ஏறும்போது பாதிப்பேர் தாண்டிப் போயிடுவோம். ரத்தினாவதின்னு ஒரு செட்டிப்பெண், சிராப்பள்ளியில வாக்கப்பட்டவ. பிறந்த வீடு பூம்புகார். தலைப்பிரசவத்துக்கு அவ அம்மா தேவையானதெல்லாம் மூட்டை கட்டிக்கிட்டு வர்றாங்க. வழியில காவிரியில வெள்ளம். இந்தக் கரையில மகளுக்கு வலி எடுக்குது, அந்தக் கரையில அம்மா நிக்கிறாங்க. சிவபெருமான் அந்த அம்மா வேஷத்துலயே வந்து, பிரசவம் பாத்து, தண்ணி வடியுற வரைக்கும் தாயையும் பிள்ளையையும் பாத்துக்கிறாரு. வெள்ளம் வடிஞ்சு நிஜ அம்மா வாசல்ல வந்து நின்னா, உள்ளே இன்னொரு அம்மா! சாமி மறைஞ்சுட்டாரு. அதனால தாயுமானவர். வடமொழியில மாத்ருபூதேஸ்வரர்.

இதை விரிவாச் சொல்றது சைவ எல்லப்ப நாவலர் பாடின செவ்வந்திப் புராணம். சோழர் காலமெல்லாம் முடிஞ்சு ரொம்ப நாள் கழிச்சு வந்த நூல். ஆனா சாமியைத் தாயாப் பாக்குறது இந்த மலையில அதைவிடப் பழசு. 7ஆம் நூற்றாண்டுல அப்பர் பாடின சிராப்பள்ளிப் பதிகத்துலயே இறைவனைத் தாயும் ஆனவர்ங்கிற மாதிரி ஒரு பேச்சு வருது. அதே நூற்றாண்டுல மகேந்திரவர்ம பல்லவன் மேலே குடைஞ்ச குகையில ஒரு வடமொழிக் கல்வெட்டு இருக்கு. அதுல ஒரு குறும்பு: சிவனுக்கு நதின்னா ஆசை, காவிரியைப் பாத்து மயங்கிடப் போறாருன்னு பயந்து பார்வதி தன்னோட அப்பா வீட்டை விட்டுட்டு நிரந்தரமா இந்த மலையில வந்து உக்காந்துட்டாளாம். ஆக இந்த மலைக் கதைகள்ல ஆறு எப்பவுமே ஒரு ஆள். பொறந்த வீட்டை விட்டு வந்த பொண்ணும் எப்பவும் உண்டு.

வரைபடத்தை வெச்சு ஒரு விஷயம் யோசிச்சேன். (என் யூகம்தான், அடிக்க வராதீங்க.) பூம்புகார் காவிரியோட வடகரையில. மலைக்கோட்டை தென்கரையில. அந்த அம்மா வடகரையோடவே மேற்கே நடந்து வந்திருந்தா, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவுல இருக்குற ஸ்ரீரங்கம் தீவுப் பக்கமாத்தான் வந்து சேர்ந்திருப்பாங்க. அதாவது இன்னிக்கு அம்மாமண்டபம் படித்துறை இருக்குற கரை. அங்க நின்னா எதிரே மலைக்கோட்டை அவ்வளவு கிட்டத்துல தெரியும். 'தூரத்து ஊர்ல மகள் தவிக்கிறா'ங்கிறது வேற. மகள் இருக்குற மலை கண்ணு முன்னாடி நிக்குது, போக முடியலங்கிறது வேற. ஆத்தங்கரைக்காரங்களுக்கு மட்டும் தெரிஞ்ச தவிப்பு அது.

இன்னொண்ணு. சாமி ஏன் அம்மா வேஷத்துல வரணும்? வெள்ளத்தை நிறுத்தியிருக்கலாம், வைத்தியரா வந்திருக்கலாம். வரல. ஏன்னா அந்த அறைக்குள்ள ஆம்பளைக்கு இடமில்ல, அது கடவுளா இருந்தாலும் சரி! இதைக் கதைன்னு தள்ளிட முடியாது. 1890கள்ல திண்டிவனத்துல ஐடா ஸ்கடர்னு ஒரு அமெரிக்க இளம்பெண், மிஷனரி டாக்டரோட மகள். ஒரே ராத்திரியில மூணு கணவன்மார் வந்து, பொண்டாட்டிக்குப் பிரசவம் பாக்க வாங்கன்னு அந்தப் பொண்ணைக் கூப்பிட்டாங்க. எனக்கு வைத்தியம் தெரியாது, அப்பா வருவாருன்னா, ஆம்பளை டாக்டர் வேண்டாம்னு திரும்பிப் போயிட்டாங்க. விடிஞ்சு பாத்தா மூணு பேரும் செத்துட்டாங்க. அந்த ராத்திரிதான் அவங்களை டாக்டர் ஆக்குச்சு. வேலூர் சிஎம்சி பிறந்த கதை அது.

புராணம், வேலூர் எல்லாத்தையும் அம்மாயிகிட்ட போய் அளந்தேன். முறுக்கு பிழிஞ்சுக்கிட்டே கேட்டாங்க. தாயுமானவர் கதை முடிஞ்சதும், "எங்கக்காவுக்கு வரலயே" அப்படின்னாங்க.

எனக்கு அப்படி ஒரு பெரிய அம்மாயி இருந்ததே தெரியாது. 1950ஐ ஒட்டி, வடகரையில முசிறிக்குப் பக்கத்துல ஒரு கிராமத்துல கட்டிக் கொடுத்திருக்காங்க. தலைப்பிரசவம். கார்த்திகையில தேதி, ஐப்பசியில அழைச்சுக்கலாம்னு இருந்திருக்காங்க. புகுந்த வீட்டுல அறுப்பு வேலை, இன்னும் பத்து நாள் போகட்டும்னு இழுத்திருக்காங்க. அதுக்குள்ள அடைமழை. மேட்டூர் அணை 1934லயே வந்தாச்சு, 1924 மாதிரி பெருவெள்ளம் இனி இல்லேன்னு ஊர்ல தைரியம். ஆனா மேட்டூருக்குக் கீழே பவானி, நொய்யல், அமராவதி மூணும் வந்து சேர்ந்த பிறகுதான் காவிரி எங்க ஊருக்கு வருது. அணையை மூடி வெச்சாலும் இங்க தண்ணி வரும். வந்துச்சு. பரிசலை நிறுத்திட்டாங்க.

வலி எடுத்திருச்சுன்னு சேதி எப்படியோ இந்தக் கரைக்கு வந்திருக்கு. அம்மாயியோட அம்மா கடம்பர் கோயில் துறையில போய் நின்னிருக்காங்க. அந்தக் கோயில் வடக்குப் பாத்த கோயில், ஆத்தையும் அக்கரையையும் பாத்த மாதிரி. மூட்டையில சுக்கு, விளக்கெண்ணெய், பழைய பருத்திச் சேலை. ரெண்டு நாள். மூணாம் நாள் பரிசல் விட்டப்ப அந்த மூட்டையை அவிழ்க்கவே வேலையில்லாம போச்சு. பிள்ளையும் தங்கல.

"சாமி எத்தனை வீட்டுக்குடா போகும்? அதான் நாமளே ஏழாம் மாசமே கூட்டியாந்துர்றோம்." இவ்வளவுதான் அம்மாயி சொன்னது. அப்புறம் முறுக்கு.

ஏழாம் மாசமோ ஒன்பதாம் மாசமோ வளைகாப்பு போட்டுப் பொறந்த வீட்டுக்கு அழைக்கிறதை நான் வெறும் சீர்செனத்தி, செலவுன்னுதான் நினைச்சிருந்தேன். (செலவுதான், அதுல சந்தேகமில்ல. என் மாமனாரைக் கேளுங்க.) ஆத்தங்கரையில அது ஒரு பயணத் திட்டம். தண்ணி வர்றதுக்குள்ள பொண்ணும் அம்மாவும் ஒரே கரையில இருக்கணும். அம்மாயி காலத்துல அந்தக் கடைசி வாரங்கள் இப்படித்தான் போகுமாம்: புதுக் கோரைப்பாய் வாங்கி வைக்கிறது, சுக்கு இடிச்சு வைக்கிறது, பழஞ்சேலையைத் துவைச்சுக் கிழிச்சு அடுக்குறது. பொண்ணை உக்கார வெச்சு அவ கேட்டதையெல்லாம் ஆக்கிப் போடுறது. வளைகாப்புக்கு ஏன் இத்தனை வகை சாதம்னு கேட்டேன். "ஆசைப்பட்டதைத் தின்னுட்டுப் போகட்டும்னுதான்" அப்படின்னாங்க. எங்க போகட்டும்னு நான் கேக்கல. பிரசவம் பொண்ணுக்கு மறுபிறவின்னு சொல்வாங்கல்ல, அதை யாரும் அலங்காரத்துக்குச் சொன்னதில்ல. எங்கிட்ட எல்லாரும் இப்பவே தூங்கிக்கன்னு சொல்றாங்களே, அந்தக் காலத்துல இப்பவே பாத்துக்கன்னுதான் சொல்லியிருப்பாங்க.

ஆடிப்பெருக்குக்கும் இதே சாதம்தான். ஆடியில காவிரி மசக்கையா இருக்கான்னு சொல்லித்தான் சித்திரான்னம், காப்பரிசி, காதோலை கருகமணி எல்லாம் வெச்சுப் படைக்கிறாங்க. ஸ்ரீரங்கத்துல நம்பெருமாளே அம்மாமண்டபத்துக்கு வந்து காவிரிக்குச் சீர் கொடுக்கிறாரு. பெரிய அம்மாயியை அக்கரையில மாட்டிவிட்ட அதே ஆத்துக்கு வருசா வருசம் வளைகாப்பு! அம்மாயியும் தவறாம படைக்கிறாங்க. அதைப் பத்திக் கேக்க எனக்குத் தைரியம் வரல.

இப்ப நிலைமை எவ்வளவோ மேல். 108 ஆம்புலன்ஸ் 2008லேருந்து ஓடுது. 2018-20 கணக்குப்படி தமிழ்நாட்டுல ஒரு லட்சம் குழந்தை உயிரோட பிறந்தா 54 தாய்மார் இறக்குறாங்க, இந்தியா முழுக்க எடுத்தா 97. நல்ல கணக்குதான். 37வது வாரத்துல உக்காந்து 54ங்கிற எண்ணைப் பாத்தா சின்னதாத் தெரியல, அவ்வளவுதான். தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகள்ல 2000கள்லேருந்தே பிரசவ அறைக்குள்ள சொந்தக்காரப் பெண் ஒருத்தர் துணைக்கு இருக்கலாம்னு ஒரு ஏற்பாடு இருக்கு. அம்மா, மாமியார், அக்கா யாராவது. ரத்தினாவதிக்குக் கிடைச்ச அதே வரம், ஆர்டர் போட்டுக் கொடுத்திருக்காங்க. புருஷன் வெளியேதான். மாமியார் இப்பவே தன் பேரைச் சொல்லி வெச்சுட்டாங்க.

போன வாரம் மலைக்கோட்டைக்குப் போனேன். தங்கமணியால இப்ப அத்தனை படி ஏற முடியாது. சுகப்பிரசவம் ஆனா வாழைத்தார் கொண்டாந்து கொடுக்கிறதா வேண்டிக்கிறது அங்க வழக்கம். சித்திரைத் திருவிழாவுல 'செட்டிப்பெண் மருத்துவம்'னு இந்தக் கதையையே நிகழ்ச்சியா நடத்துவாங்க. நான் போன அன்னிக்கு ஒரு குடும்பம் தார் கொண்டு வந்திருந்துச்சு. பாட்டி கையில குழந்தை. பின்னாடி மெதுவா அந்தப் பொண்ணு, படிக்குப் படி நின்னு நின்னு வருது. தாரைத் தோள்ல வெச்சிருந்த பையன் என்னைவிடச் சின்னவன். என் முகத்தைப் பாத்தே கண்டுபிடிச்சுட்டான் போல. "எத்தனாவது மாசம் சார்?" அப்படின்னான். ஒன்பதுன்னேன். ஒரு பழத்தைப் பிச்சுக் கையில கொடுத்துட்டுப் போயிட்டான், தூங்கிக்கோங்கன்னு சொல்லல.

திரும்பும்போது அம்மாமண்டபத்துல கொஞ்ச நேரம் நின்னேன். தண்ணி படியைத் தொட்டுக்கிட்டு ஓடுது.

சாயங்காலம் எப்பவும் போல முசிறிப் பாலத்துல நிக்கிறேன், அம்மாயி போன். தங்கமணி எப்படி இருக்கான்னு கேக்க மாட்டாங்க, அவளை அவங்க தினமும் பாக்குறாங்க. எங்கிட்ட கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான். "தண்ணி எவ்வளவுடா போவுது?"

மணல்திட்டு தெரியுது அம்மாயி, பயமில்லன்னேன்.

"பாலத்துல வண்டி ஓடுதுல்ல?"

ஓடுது அம்மாயி.