பெயரேடு இல்லாத காடு

இரண்டாம் உலகப் போரில் நாஜிகளின் கொடுமைக்குத் தப்பிய யூதருட் சிலர் காடு புகுந்து உயிர் பிழைத்தனர். பெலாரஸ் நாட்டுக் காட்டில் பியெல்ஸ்கி சகோதரர்கள் 1944 வரை ஏறத்தாழ 1,200 பேரைக் காத்தனர். காட்டில் நின்று போராடிய யூதரைப் பற்றிப் பிரீமோ லெவி 1982இல் இத்தாலிய மொழியில் ஒரு நாவல் இயற்றினார். அவர்களுக்குக் காடு அடைக்கலம். அதே ஆண்டுகளில் மலாயாத் தமிழருக்கோ காடே கொலைக்களமாயிற்று.

1942 ஜனவரி 11இல் கோலாலம்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. ரப்பர் ஏற்றுமதி நின்றது. தோட்டங்களில் வேலையில்லை, அரிசியுமில்லை. சயாமையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் இருப்புப் பாதைக்கு ஆள் தேடிய ஜப்பானியர், நாளுக்கு ஒரு வெள்ளி கூலி, மூன்றே மாத வேலை என்று ஆசை காட்டினர். இணங்காதாரை வலிந்து பிடித்தனர். பிரிக்ஃபீல்ட்ஸ் தமிழர் இரயில்வேத் தொழிலில் தலைமுறை கண்டவர்கள். ஆயினும் சயாமுக்குச் சென்றோரிற் பெரும்பாலோர் தண்டவாளம் பதித்தறியாத பால்மரத் தொழிலாளரே. இவர்களை வாயில்லாப் பூச்சிகள் எனக் கருதுவது தவறு. கிள்ளான் வட்டாரத் தோட்டத்தினர் 1941இல் கூலியுயர்வு கேட்டதோடு, துரையைக் கண்டதும் சைக்கிளிலிருந்து இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டுமென்றும் வேலைநிறுத்தம் செய்து, துப்பாக்கிச் சூட்டையும் கண்டவர்கள்.

1943 மழைக்காலத்தில் வாந்திபேதி முகாம்களைச் சூறையாடியது. போர்க் கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர். மாண்டோர் 12,000க்கு மேல். ஆசியத் தொழிலாளரோ 1,80,000க்கு மேற்பட்டோர். அவர்களிற் பாதிப்பேர் மாண்டனர் என மதிப்பிடுவர். கைதிகளுக்குத் தம் படை மருத்துவர் இருந்தனர். கொதிக்கவைத்த நீரையே பருகும் கட்டுப்பாடும் இருந்தது. குடும்பத்தோடும் தனித்தும் வந்த தோட்டத்து மக்களுக்கு அவ்விரண்டும் இல்லை. பெயரேடும் இல்லை.

காஞ்சனபுரியின் போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 கைதிகள் துயில்கின்றனர். தமிழ்த் தொழிலாளருக்கு அவ்வாறு வரிசைக் கற்கள் வாய்க்கவில்லை. இப்பாதையை உலகறியச் செய்த நாவலை 1952இல் எழுதிய பிரெஞ்சுக்காரர் பியேர் பூல், மலாயா ரப்பர் தோட்டத்திற் பணியாற்றியவர்! தமிழரை நாள்தோறும் கண்டவர். எனினும் அவர் கதையும், 1957இல் வந்த திரைப்படமும் பிரிட்டிஷ் கைதிகளையே நடுவில் நிறுத்தின.

தமிழர் தம் கதையைத் தாமே சொல்ல நெடுங்காலமாயிற்று. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' 1993இலும், அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' 2005இலும் நூலாயின. 1943இல் இருபது வயதினராய்ச் சயாம் சென்று மீண்டவர் முதல் நூலைக் கையிலெடுக்கையில் எழுபதை எட்டியிருப்பார். இரண்டாவது வந்தபோது எண்பதைக் கடந்திருப்பார்.