நீலமும் சிவப்பும் – அத்தியாயம் 7: கட்டுக்குள் ஒரு முள்

போன வாரம் மேல்முறையீட்டு நீதிமன்ற வாசலில் விட்டிருந்தோம். 2022 ஆகஸ்ட் 5. வெளிநாட்டில் பெற்ற பிள்ளைகளுக்குக் குடியுரிமை கேட்ட ஆறு தாய்மாரும் ஃபேமிலி ஃபிரன்டியர்ஸ் அமைப்பும் உயர் நீதிமன்றத்தில் பெற்ற வெற்றி அன்று கைநழுவியது. மூன்று நீதிபதிகளில் இருவர் எதிராகத் தீர்ப்பளித்தனர். மாறுபட்டு எழுதியவர் நீதிபதி எஸ். நந்தபாலன். அரசியலமைப்பில் 'தந்தை' என்றிருந்தால் தந்தைதான், மாற்ற வேண்டுமானால் நாடாளுமன்றம் மாற்றட்டும் என்பது பெரும்பான்மையின் வாதம்.

பெர்மாஸ் ஜெயாவில் இருப்பவர்களுக்கு இந்த வழக்கை விளக்க வேண்டியதில்லை. கடலோரத்தில் நின்றால் எதிர்க்கரை சிங்கப்பூர். இங்கிருந்து வேலைக்குப் போன பெண் அங்கேயே ஒருவரைக் கட்டிக்கொண்டு, அங்கேயே பிள்ளை பெறுவாள். இதையே நம்மூர்ப் பையன் செய்தால் குழந்தையைப் பதிந்ததும் அது மலேசியர். பெண் என்றால் விண்ணப்பம், வருடக்கணக்கில் காத்திருப்பு, கடைசியில் காரணம் சொல்லாத ஒரு மறுப்புக் கடிதம்.

நீதிமன்றம் கைகாட்டிய திசையிலேயே தாய்மார் நடந்தார்கள். எம்.பி.க்களைத் தேடிப் போனார்கள், மனு கொடுத்தார்கள், சட்டப் பிரிவுகளைப் பிரித்துப் பிரித்துச் சொன்னார்கள். சட்டத்தைத் திருத்த அமைச்சரவை இசைந்துவிட்டதாக 2023 பிப்ரவரி 17 அன்று அறிவிப்பு வந்தது.

ஆனால் அரசாங்கம் கொண்டுவந்த திருத்தக் கட்டில் தாய்மார் கேட்டது ஒன்று, கேட்காதவை பல. கண்டெடுக்கப்பட்ட குழந்தைகளுக்குத் தானாகக் கிடைத்த குடியுரிமையைப் பறிக்கும் திருத்தமும் உள்ளே இருந்தது. சமூக அமைப்புகள் கொதித்தன. ஆளுங்கட்சி எம்.பி.க்கள் சிலரே முகம் சுளித்தார்கள். 2024 மார்ச் 22 அன்று அந்தத் திருத்தம் கைவிடப்பட்டது. மூன்று நாளில் மசோதா மக்களவைக்கு வந்தது.

எல்லோரும் மூச்சு விட்டார்கள். கட்டை முழுசாகப் பிரித்துப் பார்த்தவர்கள் மட்டும் விடவில்லை.

அரசியலமைப்பின் இரண்டாவது அட்டவணையில் ஒரு வரி. மலேசியாவில் பிறந்த குழந்தையின் பெற்றோரில் ஒருவர் குடிமகனாகவோ 'நிரந்தர வசிப்பாளராகவோ' இருந்தால் குழந்தை குடிமகன். அந்த 'நிரந்தர வசிப்பாளர்' நீங்குகிறது. அதாவது, சிவப்பு ஐசி.

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1957 மெர்டேக்கா முதல் 1962 செப்டம்பர் வரை இந்த மண்ணில் பிறந்தாலே போதும், குடியுரிமை உண்டு. பிறகு பெற்றோரின் தகுதியும் பார்க்கப்பட்டது. பாரம் நிரப்பிக் கொடுக்க ஆளில்லாத தோட்டத்து வீடுகளில் சிவப்பு அட்டையே தங்கியது. 1969க்குப் பின் வேலை பெர்மிட் கெடுபிடி வந்தபோது ஏறக்குறைய 60,000 இந்தியர்கள் கப்பலேறினார்கள். மிஞ்சியவர்களில் ஒரு பாட்டியின் அட்டையை பெர்மாஸ் ஜெயாவில் பார்த்தேன். கைக்குட்டையில் சுற்றி, அதற்கு மேல் பிளாஸ்டிக் உறை. 'பெமஸ்தாவுத்தின் தெத்தாப்' என்ற எழுத்தின் மேல் அவர் விரல் ஓடியது. "இங்கதான் பொறந்தேன்யா" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

இனி இரண்டு சிவப்பு அட்டைக்காரர்களுக்குப் பிறக்கும் பிள்ளை தானாகக் குடிமகன் ஆகாது. தாய்மாரின் உரிமையும் இந்த வெட்டும் ஒரே மசோதாவில். ஆம் என்றால் இரண்டுக்கும் ஆம்.

2024 அக்டோபர் 17. 222 பேர் கொண்ட அவையில் தேவை 148. விழுந்தவை 206.

தாய்மார் ஜெயித்தார்கள். அட்டவணையில் 'தந்தை' இருந்த இடத்தில் 'பெற்றோரில் ஒருவராவது' என்று ஏறியது. வாழ்த்துச் செய்திகள் பறந்தன. அதற்குப் பிறகுதான் பலர் கடைசிக் கேள்விக்கு வந்தார்கள்: இந்தச் சட்டம் பின்னோக்கிச் செல்லுமா?

செல்லாது. ஏற்கெனவே பிறந்துவிட்ட பிள்ளைகளுக்கு அதே பழைய விண்ணப்ப வரிசைதான். அந்த வரிசைக்கான வயது வரம்பையும் இதே மசோதா 21லிருந்து 18க்கு இறக்கியிருந்தது.

வழக்குப் போட்டது 2020 டிசம்பரில். அன்று பதினைந்து வயதாக இருந்த ஒரு பிள்ளைக்கு இப்போது என்ன வயது?

(அடுத்த வாரம்)